திரும்பத் திரும்ப வரும் சீழ்க்கட்டி: ஒத்தடத்தில் தொடங்கி மூக்கு வரை

ஒரு கட்டி ஆறுவதற்குள் பக்கத்திலேயே இன்னொன்று கிளம்பும். "உடம்புச் சூடு" என்று சொல்லி விட்டுவிடுவோம். பெரும்பாலும் சூடு காரணமில்லை; ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாதான். ஏறக்குறைய மூன்றில் ஒருவரின் மூக்கில் அது சத்தமில்லாமல் குடியிருக்கிறது. விரல் வழியாகத் தோலுக்கு வந்து, சவரக் கீறலிலோ மயிர்க்காலிலோ நுழைந்துவிடும். ஆக, இருக்கிற கட்டியை ஆற்றினால் பாதி வேலைதான் முடிந்தது.

படி 1: ஒத்தடம்

சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, முதலில் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பாருங்கள். அங்கே சுட்டால் கட்டிக்கும் சூடு அதிகம். 10 முதல் 15 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தடவை. கல்லுப்போல் இருந்தது மெத்தென்று ஆகி, நடுவில் மஞ்சள் முனை தெரிந்தால் பழுக்கிறது என்று அர்த்தம்.

படி 2: கையை வைக்காதீர்கள்

பிதுக்கினால் சீழ் உள்ளேயும் போகும். ஊசியால் குத்துவதும் வேண்டாம். தானே உடைந்தால் துடைத்து, காஸ் துணியால் மூடி, நனைந்ததும் மாற்றி, சோப்பால் கை கழுவுங்கள். பெரிய கட்டியை மருத்துவர் மரத்துப்போகும் ஊசி போட்டுக் கீறிச் சீழை எடுப்பார். முக்கியமான சிகிச்சையே அதுதான். சீழ்ப்பைக்குள் ஆன்டிபயாட்டிக் சரியாக எட்டாது. மிச்சமிருக்கும் பழைய மாத்திரையை எடுத்து விழுங்காதீர்கள். அடிக்கடி வருகிறது என்றால் சீழைக் கல்ச்சர் பரிசோதனைக்கு (அதிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்பது) அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். வழக்கமான மருந்துக்கு அடங்காத எம்ஆர்எஸ்ஏ வகையா என்பது அதில் தெரியும்.

படி 3: கிருமியின் குடியிருப்பைக் காலி செய்வது

இது மருத்துவர் சொன்ன பிறகு. மூக்கின் உள்ளே முபிரோசின் என்ற ஆன்டிபயாட்டிக் களிம்பு, தினம் இரண்டு வேளை, வழக்கமாக 5 நாள். அதே நாட்களில் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினித் திரவத்தால் குளியல். கண்ணிலும் காதிலும் படக்கூடாது. துண்டு, படுக்கை விரிப்பு எல்லாம் சூடான தண்ணீரில் துவைத்து நன்றாகக் காயவைக்க வேண்டும். பலரும் களிம்பை ஒழுங்காகப் போட்டுவிட்டு, பழைய ரேஸரைத் தூக்கிப்போட மறந்துவிடுவார்கள்! வீட்டில் வேறு யாருக்காவது கட்டி வந்தால், அவர்களுக்கும் சேர்த்தே செய்ய வேண்டியிருக்கும்.

அப்புறம், சர்க்கரையையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அக்குளிலோ தொடை இடுக்கிலோ அதே இடத்தில் வந்து வந்து தழும்பாகிறது என்றால், அது ஹைட்ராடெனைட்டிஸ் என்ற வேறு நோயாக இருக்கலாம். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

படி 4: எப்போது ஓட வேண்டும்

முகத்தில், குறிப்பாக மூக்கு, மேலுதடு பக்கம், முதுகெலும்பின் மேல், ஆசனவாய் அருகில் கட்டி வந்தவர்கள். கைக்குழந்தை, சர்க்கரை நோயாளி, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர். இவர்கள் காத்திருக்கக் கூடாது. மற்றவர்களுக்கும் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் மருத்துவர்தான்.

சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு, நேரத்தையும் எழுதிவையுங்கள். சிவப்பு கோட்டைத் தாண்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே காட்டுங்கள். குளிர் நடுக்கம், மூச்சு வாங்குதல், பேச்சில் குழப்பம், கட்டியின் அளவுக்குப் பொருந்தாத கடும் வலி என்றால், நள்ளிரவானாலும் நேரே அவசரப் பிரிவுக்கு.