ஃபேமிலி மெடிசின் ரெசிடென்சி: புரோகிராம்களை ஒப்பிடும்போது எங்கே சறுக்குகிறோம்

அமெரிக்காவில் மருத்துவர்கள் படிப்புக்குப் பின் பெறும் துறைப் பயிற்சியான ரெசிடென்சிக்கு அக்டோபரில் தொடங்கும் இன்டர்வியூக்கள் ஜனவரி கடைசிக்குள் ஓய்ந்துவிடும். அப்போது குறிப்பு நோட்டைப் புரட்டினால் எல்லா புரோகிராமும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். எல்லா இடத்திலும் "நாங்கள் இங்கே ஒரு குடும்பம் மாதிரி" என்று சொல்லியிருப்பார்கள். எல்லா இடத்திலும் சிரித்த முகம், நல்ல ஆசிரியர்கள், பரந்த பயிற்சி. நான் அமெரிக்க ரெசிடென்சிக்கு விண்ணப்பித்த வருடம் பெரிய எக்செல் தாள் ஒன்று போட்டேன். சம்பளம், விடுப்பு நாட்கள், தரவரிசை, குளிர், விமான நிலையம் எவ்வளவு தூரம் என்று பதினெட்டு பத்திகள். முக்கியமான ஒரு பத்தி மட்டும் அதில் இல்லை: அங்கே ஒரு ரெசிடென்ட் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து இரவு வரை என்ன வேலை செய்கிறார்?

மற்ற துறைகளைவிட ஃபேமிலி மெடிசினில் இந்தக் கேள்விக்கு எடை அதிகம். 1969-ல் தனித் துறையாக அங்கீகரிக்கப்பட்ட காலத்திலிருந்தே அதன் எல்லை விரிந்தது: பச்சிளம் குழந்தை, கர்ப்பிணி, முதியவர், மனநலம், சின்னச் சின்ன அறுவை வேலைகள் எல்லாம் உண்டு. மூன்று வருடம் முடித்து ஒருவர் சிசேரியன் செய்யும் அளவுக்கு வெளியே வருகிறார். இன்னொருவர் பிரசவ அறைப் பக்கமே போகாமல் கிளினிக்கில் மட்டும் தேர்ந்து வருகிறார். இரண்டு பேருக்கும் கிடைப்பது ஒரே சான்றிதழ். அதனால் புரோகிராமின் பெயர்ப்பலகை இங்கே பாதிக் கதையைக்கூடச் சொல்லாது.

"கிடைத்ததே போதும்" என்ற நினைப்பு

வெளிநாட்டில் படித்துவிட்டு விண்ணப்பிக்கும் நம்மில் பலர் ஒப்பிடும் வேலையையே செய்வதில்லை. நாலு இன்டர்வியூ வந்தது, யார் எடுத்தாலும் சரி என்று இருந்துவிடுகிறோம். அந்தப் பயம் எனக்கும் இருந்தது, குறை சொல்லவில்லை. ஆனால் நாலே இடம் என்றாலும் அவற்றை ஒரு வரிசையில் எழுதித்தானே தர வேண்டும்? அந்த வரிசைக்குக் காரணம் வேண்டும். விண்ணப்பதாரர்களும் புரோகிராம்களும் தரும் விருப்ப வரிசைகளை வைத்து இடம் ஒதுக்கும் முறைக்கு 'மேட்ச்' என்று பெயர். 2024 மேட்சில் ஃபேமிலி மெடிசினுக்கு 5,200-க்கும் மேற்பட்ட இடங்கள் இருந்தன, அதில் 600-க்கும் மேல் நிரம்பவில்லை. நிரம்பாத இடமெல்லாம் மோசம் என்று அர்த்தமில்லை. தொலைதூரக் கிராமப்புறத்தில் இருப்பது, புதிதாகத் தொடங்கியது என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் துறைக்குள் நுழைவது ஒப்பீட்டளவில் எளிது என்பதால் எந்தக் கதவு வழியாக நுழைந்தாலும் ஒன்றுதான் என்று ஆகிவிடாது.

பெரிய பெயர், சின்ன வேலை

பல்கலைக்கழக மருத்துவமனை என்றால் உயர்த்தி, ஊர் மருத்துவமனை என்றால் ஒரு படி கீழே. இந்தக் கணக்கு இந்தத் துறையில் எடுபடாது. பெரிய மருத்துவமனையில் மகப்பேறு, குழந்தை மருத்துவம், அவசர சிகிச்சை, அறுவை என எல்லாத் துறைக்கும் அவரவர் ரெசிடென்ட்கள் இருப்பார்கள். பிரசவம் வந்தால் முதலில் மகப்பேறு ரெசிடென்ட்தான் கையுறை போடுவார். மூட்டில் ஊசி போட வேண்டும் என்றால் ஆர்த்தோ ஆள் வந்து நிற்பார். ஃபேமிலி மெடிசின் ரெசிடென்ட் பின்வரிசையில் நின்று எட்டிப் பார்க்க வேண்டியதுதான். ஃபேமிலி மெடிசின் ரெசிடென்ட்கள் மட்டுமே உள்ள மருத்துவமனையை 'அன்அப்போஸ்ட்' என்பார்கள். அங்கே போட்டிக்கு வேறு ஆள் இல்லை, வருகிற எல்லாமே உங்கள் கைக்கு வரும்.

சரி, அப்படியென்றால் அன்அப்போஸ்ட்தான் நல்லது என்று முடிவு கட்டிவிடலாமா? அதுவும் இன்னொரு தவறு. வேறு ரெசிடென்ட் இல்லாத இடத்தில் இரவு இரண்டு மணிக்கு நடக்கும் எல்லாவற்றுக்கும் உங்கள் பேஜர்தான் அடிக்கும். மேற்பார்வையிடும் மூத்த மருத்துவரான அட்டெண்டிங் கட்டடத்தில் இருக்கிறாரா, வீட்டிலிருந்து போனில் பேசுகிறாரா என்பதைக் கேட்டே ஆக வேண்டும். எதிர்ப்பக்கத்தில், மகப்பேறு துறையோடு நல்ல உடன்பாடு வைத்துக்கொண்டு தங்கள் ரெசிடென்ட்களுக்குத் தனி இடம் வாங்கித் தந்திருக்கும் பல்கலைக்கழக புரோகிராம்களும் இருக்கின்றன. ஆக, கேட்க வேண்டியது "இங்கே வேறு ரெசிடென்ட்கள் இருக்கிறார்களா" என்பதல்ல. "நேற்று இரவு நடந்த பிரசவத்தை யார் பார்த்தது" என்பது.

இணையத் தரவரிசைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மருத்துவர்களுக்கான டாக்சிமிட்டி தளம் வெளியிடுவது போன்ற பட்டியல்களில் மற்ற மருத்துவர்களின் அபிப்பிராயத்துக்கு நிறைய இடம் உண்டு. பெயர் தெரிந்த இடங்கள் மேலே வரும். அவ்வளவுதான்.

சராசரியைக் கேட்டு ஏமாறுவது

"எங்களிடம் முழு அளவிலான பயிற்சி" என்ற வாசகத்தை எல்லா இணையதளத்திலும் பார்க்கலாம். அதை எண்ணிக்கையாக மாற்றிக் கேட்கத் தெரிய வேண்டும். ரெசிடென்சிகளுக்கு அங்கீகாரம் தரும் ஏசிஜிஎம்இ அமைப்பின் ஃபேமிலி மெடிசின் விதிகள் 2023 ஜூலையிலிருந்து மாறின. அதன்படி, பிற்காலத்தில் தானே பிரசவம் பார்க்க விரும்பும் ரெசிடென்ட் பிரசவ அறையில் குறைந்தது 400 மணி நேரமோ நான்கு மாதமோ செலவிட வேண்டும். 80 பிரசவங்களையாவது நடத்தியோ நேரடியாக மேற்பார்வையிட்டோ இருக்க வேண்டும். இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொண்டு உரையாடலுக்குப் போங்கள்.

அங்கே சராசரி எவ்வளவு என்று கேட்காதீர்கள். ஆர்வமுள்ள ஒருவர் 150 பிரசவம் பார்த்து, மற்றவர்கள் ஆளுக்கு 30 பார்த்திருந்தாலும் சராசரி அந்த 30-ஐவிட அழகாகத்தான் தெரியும். போன வருடம் முடித்துப் போனவர்களில் மிகக் குறைவாகப் பார்த்தவர் எத்தனை பார்த்தார் என்று கேளுங்கள். அப்புறம், கடந்த மூன்று வருடத்தில் முடித்தவர்களில் எத்தனை பேர் இன்று பிரசவம் பார்க்கிறார்கள், எத்தனை பேர் உள்நோயாளிகளைப் பார்க்கிறார்கள், எத்தனை பேர் கிளினிக் மட்டும் என்றும் கேளுங்கள். பயிற்சி எதற்குத் தயார்படுத்துகிறது என்பது முடித்தவர்கள் போய்ச் சேர்ந்த வேலையில் தெரிந்துவிடும். அமெரிக்கக் கிராமப்புறங்களில் பல மருத்துவமனைகள் பிரசவப் பிரிவை மூடிவிட்டன. அதனால் அந்தப் பிரிவு இன்றும் அதே கட்டடத்தில் நடக்கிறதா, பக்கத்து ஊருக்கு வண்டி ஓட்டிப் போக வேண்டுமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

பிரசவமே வேண்டாம் என்பவருக்கும் இதே முறை பொருந்தும். கருத்தடைச் சாதனம் பொருத்துவது, தோல் பயாப்சி, அல்ட்ராசவுண்ட், போதைப் பழக்க சிகிச்சை என்று உங்களுக்குப் பிடித்தது எதுவோ, அதைக் கற்றுத் தரும் ஆசிரியர் எத்தனை பேர்? ஒரே ஒருவர் என்றால், அவர் வேலை மாறிவிட்டால் அந்தப் பயிற்சியும் அவரோடு போய்விடும்.

கிளினிக்கைப் பார்க்காமலே திரும்புவது

என் தாளில் மருத்துவமனைக்கு ஏழு பத்தி, கிளினிக்குக்கு ஒன்றுகூட இல்லை. இதுதான் நான் செய்த பெரிய தப்பு. ஃபேமிலி மெடிசின் ரெசிடென்ட்டின் உண்மையான வீடு கிளினிக்தான். மூன்று வருடமும் அதே நோயாளிகள் உங்களிடம் வருவார்கள். பழைய விதியில் மூன்று வருடத்தில் 1,650 நோயாளிச் சந்திப்புகள் என்று கணக்கு இருந்தது. 2023-ல் அது 1,000 மணி நேரக் கணக்காக மாறியது. எண் எப்படி மாறினாலும் அந்த மணி நேரங்கள் எப்படிப் போகின்றன என்பது இடத்துக்கு இடம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஒரு நோயாளிக்கு எத்தனை நிமிடம்? முதல் வருடத்துக்கும் மூன்றாம் வருடத்துக்கும் அது எப்படி மாறுகிறது? ஓர் ஆசிரியர் ஒரே நேரத்தில் நான்கு ரெசிடென்ட்களுக்கு மேல் மேற்பார்வையிடக் கூடாது என்பது விதி. அப்படி மேற்பார்வையிடும் நேரத்திலேயே அவர் தன் சொந்த நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா? செவிலியர்களும் உதவியாளர்களும் நிலைத்து இருக்கிறார்களா, மாதம் ஒரு புது முகமா? உதவியாளர் இல்லாத நாளில் ரத்த அழுத்தம் எடுப்பதிலிருந்து ஃபார்ம் நிரப்புவது வரை உங்கள் தலையில்தான் விழும்.

விண்ணப்பிக்கும்போது யாருக்கும் தோன்றாத ஒரு விஷயம், கணினியில் குவியும் இன்பாக்ஸ். பரிசோதனை முடிவுகள், மருந்து நீட்டிப்புக் கோரிக்கைகள், நோயாளிகளின் செய்திகள் எல்லாம் அங்கே வரும். நீங்கள் நைட் ஃப்ளோட்டில் (தொடர் இரவுப் பணியில்) இருக்கும் வாரம், ஐசியூவில் இருக்கும் மாதம், விடுப்பில் இருக்கும் நாட்களில் அதை யார் பார்ப்பது? சில இடங்களில் குழுவாகப் பிரித்துக்கொள்கிறார்கள். சில இடங்களில் யாரும் பார்ப்பதில்லை, நீங்கள்தான் தூக்கத்தை விட்டு உட்கார வேண்டும். ஏசிஜிஎம்இயின் வாரம் 80 மணி நேர வரம்பு நான்கு வாரச் சராசரியாகக் கணக்கிடப்படுவது. வீட்டிலிருந்து செய்யும் இன்பாக்ஸ் வேலையும் விதிப்படி அதில் சேரும். அதை நேர்மையாக எழுதிக் கணக்குக் காட்ட விடுகிறார்களா என்று ரெசிடென்ட்களிடம் தனியாகக் கேட்டால், பதிலைவிட அதற்கு முன் வரும் மௌனம் நிறையச் சொல்லும்.

"சந்தோஷமாக இருக்கிறீர்களா?"

இந்தக் கேள்வியை எல்லாரும் கேட்கிறார்கள். பதிலும் எல்லா இடத்திலும் ஒன்றுதான். நடந்த சம்பவத்தைக் கேட்டால்தான் மூடிய வாய் திறக்கும். கடைசியாக ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது அவர் ஷிஃப்டை யார் பார்த்தது, பிறகு அதை அவர் திருப்பித் தர வேண்டியிருந்ததா? ரெசிடென்ட்கள் புகார் சொல்லிப் போன வருடம் மாறிய ஒரு விஷயம் என்ன? மூன்று வருடத்தில் எத்தனை பேர் பாதியில் விட்டுப் போனார்கள்?

நான் போன ஓர் இடத்தில் ரெசிடென்ட்களோடு பேசும் நேரத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் முதல் வருடத்தினர். மூன்றாம் வருடத்தவர் ஒருவர்கூட இல்லை. "எல்லாரும் பிஸி" என்றார்கள், நானும் தலையாட்டினேன். ஏன் ஒருவர்கூட வரவில்லை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பிறகு தெரிந்தது, அந்த வகுப்பில் பாதிப் பேர் வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். 2020-க்குப் பிறகு பெரும்பாலான இன்டர்வியூக்கள் திரையில் நடப்பதால் யார் வரவில்லை என்பது கண்ணில் படுவது இன்னும் கடினம். வந்தவர்களை வருட வாரியாக எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.

பொதுவில் கிடப்பதைப் பார்க்காமல் விடுவது

ஏசிஜிஎம்இ தளத்தில் எந்த புரோகிராமின் அங்கீகார நிலையையும் யாரும் பார்க்கலாம். 'தொடக்க அங்கீகாரம்' என்றால் பயப்பட வேண்டியதில்லை, புதிய இடம் என்று பொருள். 'எச்சரிக்கையுடன்' என்றோ 'ப்ரொபேஷன்' (கண்காணிப்பு நிலை) என்றோ இருந்தால் காரணத்தை நேராகக் கேட்கலாம், நல்ல டைரக்டர் ஒளிக்காமல் சொல்வார்.

பயிற்சி முடித்தவர்கள் துறைச் சான்றிதழுக்காக எழுதும் போர்டு தேர்வின் தேர்ச்சி விகிதத்தை ஒரே வருடத்தை வைத்து எடை போடாதீர்கள். வருடத்துக்கு நான்கு பேர் உள்ள சின்ன புரோகிராமில் ஒருவர் தவறினால் 75 சதவீதம். பன்னிரண்டு பேர் உள்ள இடத்தில் அதே ஒருவர் தவறினால் ஏறக்குறைய 92. ஏசிஜிஎம்இயே மூன்று வருடத்தைச் சேர்த்துத்தான் பார்க்கிறது. 80 சதவீதம் தேறினால் போதும் என்பதே அதன் அளவுகோல்.

மருத்துவமனையின் பணநிலையையும் ஒரு தடவை செய்திகளில் தேடிப் பாருங்கள். 2019-ல் பிலடெல்பியாவின் ஹானமன் பல்கலைக்கழக மருத்துவமனை மூடப்பட்டபோது 500-க்கும் மேற்பட்ட ரெசிடென்ட்கள் நடுவழியில் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. சம்பளத்தை மட்டும் ஒப்பிடுவோருக்கு: ஊருக்கு ஊர் வாடகையில் இருக்கும் வித்தியாசம், புரோகிராமுக்குப் புரோகிராம் சம்பளத்தில் இருக்கும் வித்தியாசத்தை விழுங்கிவிடும்.

விசாவைக் கடைசியில் யோசிப்பது

விசா தேவைப்படுவோருக்கு இது எக்செல் தாளின் முதல் பத்தியாக இருக்க வேண்டும். ஜே-1 (பரிமாற்றப் பயிற்சி விசா) என்றால் பயிற்சி முடிந்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும், அல்லது விலக்கு வாங்க வேண்டும். கான்ராட் 30 திட்டத்தில் ஒவ்வொரு மாநிலமும் வருடத்துக்கு 30 மருத்துவர்களுக்கு அந்த விலக்கைப் பரிந்துரைக்கலாம். பதிலுக்கு மருத்துவர் குறைவான பகுதியில் மூன்று வருடம் வேலை. ஃபேமிலி மெடிசினுக்கு அங்கே நல்ல தேவை உண்டு. வேலை விசாவான எச்-1பி வேண்டுமென்றால் அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் கடைசிக் கட்டமான ஸ்டெப் 3 முன்பே தேறியிருக்க வேண்டும். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்ற அறிவிப்பு வந்தபின், புரோகிராமின் பழைய இணையப் பக்கத்தில் "எச்-1பி தருகிறோம்" என்று இருப்பதை நம்பிவிடாதீர்கள். மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். இன்னொன்று: மூன்லைட்டிங் (பயிற்சி நேரத்துக்கு வெளியே தனி வேலை) செய்து கூடுதலாகச் சம்பாதிக்கலாம் என்று ஆசை காட்டும் இடங்கள் உண்டு. ஜே-1 விசாவில் அதற்கு அனுமதியே இல்லை.

வரிசையில் சூது ஆடுவது

எல்லாம் ஒப்பிட்டு முடித்த பிறகும் பலர் கடைசிப் படியில் வழுக்குகிறார்கள். "எனக்குப் பிடித்தது 'அ' என்ற இடம். ஆனால் 'ஆ' என்ற இடம் என்னை எடுக்கும் போலிருக்கிறது, அதை முதலில் போடுகிறேன்." வேண்டாம். மேட்ச் கணக்கு 1998-லிருந்து விண்ணப்பதாரரின் விருப்பத்திலிருந்து தொடங்கும்படி அமைந்தது. அதை மாற்றியமைத்த ஆல்வின் ராத்துக்கு 2012-ல் பொருளாதார நோபல் கிடைத்தது. அ உங்களை எடுக்காவிட்டால் ஆவுக்கான உங்கள் வாய்ப்பு ஒரு துளியும் குறையாது. ஆவை முதலில் போட்டால் அவுக்கான வாய்ப்பை நீங்களே கிழித்துப் போடுகிறீர்கள். "உங்களை மிகவும் பிடித்திருக்கிறது" என்று டைரக்டர் அனுப்பும் மின்னஞ்சலுக்கும் இந்தக் கணக்கில் இடமில்லை. நீங்கள் அவர்களை எத்தனையாவதாகப் போடுகிறீர்கள் என்று கேட்கும் உரிமையும் அவர்களுக்குக் கிடையாது.

பட்டியலின் அடிப்பகுதிக்கு மட்டும் வேறு சோதனை. மேட்ச் முடிவு இரு பக்கத்தையும் கட்டுப்படுத்தும். கிடைத்தபின் பிடிக்கவில்லை என்று உடனே வேறு இடத்துக்குத் தாவ முடியாது. அதனால் கடைசிப் பெயரைப் பார்த்து, முடிவு வரும் மார்ச் மாத வெள்ளிக்கிழமை அந்த ஒரு பெயர்தான் திரையில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேட்சே ஆகாமல் இன்னொரு வருடம் காத்திருப்பதைவிட அது மேல் என்றால் இருக்கட்டும். இல்லையென்றால், பட்டியலை உறுதி செய்யும் பொத்தானை அழுத்துவதற்கு முன் அதை எடுத்துவிடுங்கள்.