பரணில் ஏறிய பீரும் வேறு சில பிழைகளும்

சென்ற மாசி மாதம் திருவையாற்றுக்கு அருகில், நண்பர் ஒருவரின் தோப்பு வீட்டில் ஐந்து பேர் கூடியிருந்தோம். அவர்களுள் மூவர், சிறிய ஆலைகளில் சிறு அளவில் தயாராகும் கிராஃப்ட் பீரை அப்போதுதான் முதன்முறையாகக் கவனித்துச் சுவைக்க முயன்றவர்கள். அவர்கள் அன்று செய்த பிழைகளைப் பார்க்கப் பார்க்க, சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன புதிதில் நான் செய்தவையே ஆள் மாறி வந்து எதிரில் உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றியது. அதனால்தான் இதை எழுதுகிறேன். வெறும் வயிற்றில் குடிக்கக்கூடாது, குடித்தபின் வண்டியை எடுக்கக்கூடாது என்பவற்றை எல்லோரும் அறிவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

நம் பகுதியின் நிலைமையை முதலில் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை 2003 முதல் டாஸ்மாக் வசம் இருக்கிறது. அங்கே கிடைக்கும் பீர் பெரும்பாலும் லாகர் என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. வேறு வகைகளை அறிய விரும்பும் தஞ்சாவூர்க்காரர் பெங்களூர் போன்ற ஊருக்குப் போய் அங்கேயே குடித்துவிட்டு வர வேண்டும். இல்லையென்றால் திருச்சி விமான நிலையத்தில் வந்திறங்கும் உறவினரின் பெட்டியை நம்பியிருக்க வேண்டும். பயணி ஒருவர் சுங்கவரி இல்லாமல் கொண்டுவரக்கூடிய மது 2 லிட்டர். 330 மில்லிலிட்டர் பாட்டில் ஆறு சேர்ந்தால் 1,980 மில்லிலிட்டர். ஆக, ஆறே ஆறு பாட்டில்களை வைத்துக்கொண்டு ஒருவர் இந்தக் கலையைக் கற்க வேண்டியிருக்கிறது. பெங்களூர்க்காரருக்குச் சில்லறையாகப் போகும் பிழை, நமக்கு ஓராண்டுக் காத்திருப்பாக முடிகிறது.

'கூலிங்' மோகம்

கடையில் நாம் முதலில் கேட்கும் கேள்வியே 'கூலிங் இருக்கா?' என்பதுதான். நம் ஊர் வெயிலுக்கு அது நியாயமான கேள்விதான் என்றாலும், பல் கூசும் குளிர்ச்சியில் மணம் மேலெழும்பாது, நாக்கும் மரத்துப்போகும். பில்ஸ்னர் போன்ற மென்மையான லாகர்களுக்கு 4 முதல் 7 டிகிரி செல்சியஸ் பொருந்தும். கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் வாசம் மிகுந்த ஐ.பி.ஏ. (இந்தியா பேல் ஏல்) வகைக்கு 7 முதல் 10 டிகிரியும், மால்ட் என்னும் முளைகட்டிய தானியத்தை வறுத்ததால் வரும் கருமை கொண்ட அடர்த்தியான ஸ்டவுட்டுக்கு 10 முதல் 13 டிகிரியும் வேண்டும். இதற்காக வெப்பமானி வாங்க வேண்டியதில்லை. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு ஸ்டவுட்டுக்குச் சற்று நேரம் பொறுத்தால் போதும். சித்திரையில் இன்னும் குறைவாகப் பொறுத்தாலே போதும். ஐஸ் கட்டியை உள்ளே போட்டவர் அன்று ஒருவர் இருந்தார். அவரைப் பற்றி மேலும் எழுத மனம் வரவில்லை.

நிறத்தைப் பார்த்து வீரியத்தை முடிவு செய்வது

கறுப்பாக இருந்தால் கடுமையானது என்பது தவறு. கின்னஸ் டிராஃப்ட் ஸ்டவுட்டில் ஆல்கஹால் 4.2 விழுக்காடு, பொன்னிறமாகப் பளபளக்கும் பெல்ஜியத்து டுவெல் பீரில் 8.5 விழுக்காடு.

பரணில் ஏற்றி வைப்பது

இதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன் என்று சொன்னாலும் பொய்யாகாது.

டெல்டாவில் பிறந்தவர்களுக்குப் பழையது என்றால் உயர்ந்தது. புது நெல்லரிசி சோறு குழையும் என்று ஓராண்டு பழைய அரிசியைத் தேடி வாங்குகிறோம். பழைய புளிக்குத் தனி மதிப்புக் கொடுக்கிறோம். ஊறுகாய் ஜாடியை வெள்ளைத் துணியால் வேடு கட்டி ஆண்டுக்கணக்கில் வைக்கிறோம். இந்தப் பழக்கத்தோடு, திராட்சை மது வைக்க வைக்க ருசிக்கும் என்று எங்கோ கேட்ட செய்தியும் சேர்ந்துகொள்ள, கையில் கிடைத்த ஆறு பாட்டிலையும் ஒரு நல்ல நாளுக்காக எடுத்து வைத்துவிடுகிறோம். எங்கே வைக்கிறோம் என்பதில்தான் கேடு முழுமையடைகிறது. மாவுப் பாத்திரமும் பால் பாக்கெட்டும் இருக்கும் குளிர்சாதனப் பெட்டியில் பீரை வைக்க அம்மா சம்மதிக்க மாட்டார். அப்பா கண்ணில் படவும் கூடாது. ஆகவே பாட்டில்கள் பரணுக்குப் போகின்றன. பீரைப் பற்றிய அறியாமையால் கெட்டுப்போன பாட்டில்களைவிட, பெரியவர்களுக்குத் தெரியாமல் ஒளித்ததால் கெட்டுப்போனவையே நம் பக்கத்தில் அதிகம் என்பது என் கணிப்பு.

நானும் அதைத்தான் செய்தேன். ஊர் திரும்பிய முதல் தை மாதத்தில் ஆறு ஐ.பி.ஏ. பாட்டில்களைக் கொண்டுவந்து, பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் வைத்து, ஆடிப்பெருக்கன்று நண்பர்களை அழைத்துத் திறந்தேன். நார்த்தங்காய்த் தோலும் மாம்பழமும் கலந்ததுபோல் மணக்கும் என்று ஒரு வாரமாக அவர்களிடம் பேசியிருந்தேன். பாட்டிலைத் திறந்தால் நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை. நிறம் ஆறிய தேநீரைப் போல மங்கியிருந்தது. வாயில் வைத்தால் தேன் கெட்டதுபோல ஒரு தித்திப்பும், அதன் பின்னால் மணமில்லாத வெறும் கசப்பும். நண்பர்கள் நல்லவர்கள், 'ஒரு மாதிரி நல்லாத்தான் இருக்கு' என்றார்கள். இதற்குத்தானா இவ்வளவு பேச்சு என்று அவர்கள் முகத்தில் எழுதியிருந்தது. அந்த நால்வரில் இருவர் அதன்பின் கிராஃப்ட் பீரைத் தொடவே இல்லை.

நடந்தது இதுதான். ஹாப்ஸ் பூவின் நறுமண எண்ணெய்கள் எளிதில் சிதைபவை. பாட்டிலை எவ்வளவு கவனமாக மூடினாலும் உள்ளே சிறிதளவு ஆக்சிஜன் இருக்கும். அது மெல்ல மெல்ல மணத்தைத் தின்றுவிட்டு, அட்டை வாடை வீசும் சேர்மங்களுக்கு வழிவிடுகிறது. வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் இத்தகைய வினைகளின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்கோ அதற்கு மேலோ ஆகும். 4 டிகிரியில் வைத்தால் மூன்று மாதம் தாங்கக்கூடிய ஐ.பி.ஏ.யை 34 டிகிரியில் வைத்தால், இரண்டு மடங்கு என்று குறைத்துக் கணக்கிட்டாலும், எட்டு மடங்கு வேகத்தில் கெடும். மூன்று மாதம் பதினோரு நாளாகிவிடும். சித்திரையில் மொட்டைமாடித் தளத்துக்குக் கீழே உள்ள பரண் 34 டிகிரியில் நிற்காது என்பதைச் சொல்லத் தேவையில்லை. நான் வைத்திருந்தது ஆறு மாதத்துக்கும் மேல்.

இத்தனையும் தெரிந்த பிறகு, என் அக்காள் மகன் சென்ற ஐப்பசியில் சிங்கப்பூரிலிருந்து ஆறு பாட்டில்களோடு வந்தான். உடனே குளிரில் வை, ஒரு மாதத்துக்குள் குடித்துவிடு என்று திருச்சியிலிருந்து தஞ்சாவூர் வரும் வழி நெடுகச் சொன்னேன். தலையை ஆட்டினான். பொங்கலுக்கு அவன் வீட்டுக்குப் போனபோது, மேற்குச் சன்னலுக்கு நேர் எதிரே, கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில், அவன் பள்ளியில் வாங்கிய கோப்பைகளுக்கு நடுவே அந்த ஆறும் வரிசையாக நின்றன. பாதி பச்சை பாட்டில்கள். 'பார்க்க அழகா இருக்கு மாமா, கல்யாணத்துக்கு முன்னால பசங்களோட திறக்கலாம்னு இருக்கேன்' என்றான்.

வெப்பம் ஒரு பங்கு கெடுத்தால் ஒளி மறு பங்கைக் கெடுக்கும். ஹாப்ஸ் தரும் கசப்புப் பொருள்கள், பீரில் இயல்பாக உள்ள ரைபோஃப்ளேவின் என்னும் வைட்டமினின் துணையோடு ஒளி பட்டுச் சிதைந்து, கந்தகம் கலந்த ஒரு சேர்மமாக மாறுகின்றன. ஸ்கங்க் என்னும் அமெரிக்க விலங்கு பீய்ச்சும் நாற்றத்தோடு இதை ஒப்பிடுவது அந்நாட்டு வழக்கம். நம் மூக்குக்கு, எரிந்த ரப்பரும் கெட்டுப்போன பூண்டும் சேர்ந்தாற்போல் இருக்கும். நேரடி வெயிலில் இதற்குச் சில நிமிடங்களே போதும். பழுப்பு பாட்டில் பெருமளவு காக்கும். பச்சையும் வெள்ளையும் மிகக் குறைவாகவே காக்கும். கேனுக்குள் ஒளி புகவே புகாது. அவனுடைய ஆறில் ஒன்றை அன்றே திறக்கச் சொன்னேன். முகர்ந்துவிட்டு, 'இது இப்படித்தான் இருக்குமோ?' என்று என்னையே கேட்டான். கெட்டதை முதலில் குடித்தவனுக்கு நல்லதன் அடையாளம் தெரியாமல் போவதுதான் இந்தப் பிழையில் என்னை இன்னும் எரிச்சலூட்டுவது.

பழைய அரிசியை விட்டுவிட்டு, காப்பித்தூளை நினைத்துக்கொள்ளுங்கள். கும்பகோணத்தில் இன்றும் வறுத்து அரைத்த தூளை நூறு கிராம், இருநூறு கிராமாக அவ்வப்போது வாங்குவோர் இருக்கிறார்கள். ஒரு கிலோவை மொத்தமாக வாங்கிப் பரணில் வைப்பவரை அவர்கள் என்ன சொல்வார்கள் என்று நமக்குத் தெரியும். ஐ.பி.ஏ., பேல் ஏல், கோதுமை பீர், பில்ஸ்னர் எல்லாம் அந்தக் காப்பித்தூளின் சாதி. வாங்கும்போதே தயாரித்த தேதியைப் பாருங்கள். பாட்டிலை நிற்கவைத்து, குளிரில், இருட்டில் வையுங்கள். விமான நிலையத்திலிருந்து வரும்போது காரின் பின்பெட்டியில் போடாமல் ஈரத்துண்டில் சுற்றி உட்காரும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குளிரவைத்த பீரை வெளியே எடுத்து மறுபடி குளிரவைத்தால் கெட்டுவிடும் என்று பயமுறுத்துவார்கள், அது உண்மையல்ல. மொத்தத்தில் எத்தனை மணி நேரம் சூட்டில் இருந்தது என்பதே கணக்கு.

வைத்துக் குடிக்கத்தக்க பீர்களும் உண்டு. இம்பீரியல் ஸ்டவுட், பார்லி வைன் போன்ற, 8 விழுக்காட்டுக்கு மேற்பட்ட அடர்த்தியான வகைகளும், பெல்ஜியத்துத் துறவு மடத்து ஓர்வல் என்னும் பீரும் காலத்தோடு மாறி அழகு பெறக்கூடியவை. அதற்கு ஆண்டு முழுவதும் 12, 13 டிகிரியில் நிற்கும் நிலவறை வேண்டும். காவிரிக் கரையில் ஓர் அடி தோண்டினால் ஈரமும் இரண்டடி தோண்டினால் சூடான ஈரமும்தான் வரும். ஆகவே அந்த ஆசையையும் விட்டுவிடலாம்.

பாட்டிலில் வாய் வைத்துக் குடிப்பது

மூக்குக்கு வேலை இல்லாத இடத்தில் சுவைக்கும் வேலை இல்லை.

எண்ணெய்க் கையும் பால் தம்ளரும்

நுரை அலங்காரத்துக்கு இருப்பதன்று. மணத்தை மூக்குக்கு ஏற்றிக் கொடுப்பது அதுதான். மால்ட்டின் புரதமும் ஹாப்ஸின் கசப்பும் சேர்ந்து தாங்கும் அந்த நுரையை ஒரு துளி கொழுப்பு உடைத்துவிடும். அன்று தோப்பு வீட்டில் வாழைக்காய் பஜ்ஜி தட்டு சுற்றிவந்த வேகத்தில், நுரைகள் ஒன்றன்பின் ஒன்றாக அமுங்கின. பஜ்ஜி தின்ற உதடு பட்டாலே போதும். காலையில் பால் குடித்த கண்ணாடித் தம்ளரை மேலோட்டமாகக் கழுவி எடுத்து வந்தாலும் இதே கதிதான். குவளை சுத்தமா என்று அறிய ஓர் எளிய வழி இருக்கிறது. அதை நனைத்து, உள்ளே பொடி உப்பைத் தூவிப் பாருங்கள். கொழுப்பு இருக்கும் இடத்தில் மட்டும் உப்பு ஒட்டாது. கழுவியபின் துணியால் துடைக்காமல் கவிழ்த்து வைத்து உலரவிடுங்கள்.

மிளகாய் வறுவலோடு ஐ.பி.ஏ.

காரத்தை ஆற்றப் பீர் உதவும் என்பது நம்பிக்கை மட்டுமே. வாயுவின் துறுதுறுப்பும் ஆல்கஹாலும் மிளகாயின் எரிச்சலைக் கூட்டுகின்றன, ஐ.பி.ஏ.யின் கசப்பு அதை இன்னும் இழுத்துப் பிடிக்கிறது. நண்டு வறுவல்தான் வேண்டும் என்றால் கோதுமை பீரைத் தேர்ந்தெடுங்கள். சுவைத்துப் பழகும் நாளில் வேகவைத்த வேர்க்கடலையும் தண்ணீரும் போதும்.

வரிசை

மெலிந்ததிலிருந்து அடர்ந்ததற்குப் போக வேண்டும். ஸ்டவுட்டுக்குப் பின் பில்ஸ்னர் குடித்தால் தண்ணீர்.

புளிப்பைக் கெட்டதென்று கொட்டுவது

ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தோடு அடையாளப்படுத்தப்படும் கோசே என்னும் பீரை முதன்முறை குடித்தபோது, கெட்டுப்போனதைக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் சிரிக்காமல் அதன் கூட்டுப்பொருள்களைச் சொன்னார்: கோதுமை, லாக்டிக் அமிலப் புளிப்பு, உப்பு, கொத்தமல்லி விதை. வைகாசி மதியத்தில் உப்பும் கொத்தமல்லியும் போட்ட நீர்மோரை மடக்மடக்கென்று குடித்து வளர்ந்தவன் நான். பழைய சோற்று நீராகாரத்தின் புளிப்பும் அதே லாக்டிக் அமிலம்தான். ஆயினும் மஞ்சள் நிறத்தில் நுரையோடு கண்ணாடிக் குவளையில் வந்ததும், லாகரின் சுவையைத் தவிர வேறெதையும் என் நாக்கு ஏற்கவில்லை. தோப்பு வீட்டில் அன்று ஒருவர் பெர்லினர் வைஸ்ஸே என்னும் இன்னொரு புளிப்பு பீரைத் தென்னை மரத்தடியில் ஊற்றிவிட்டார். ஆறில் ஒன்று போயிற்று.

பிறர் நாக்கின் சொற்களைக் கடன் வாங்குவது

கிரேப்ஃப்ரூட், பைன் மரம், டாஃபி என்று குறிப்பேட்டில் எழுதுபவர்களிடம், கிரேப்ஃப்ரூட் தின்றிருக்கிறீர்களா என்று கேட்டால் இல்லை என்பார்கள். தின்னாத பழத்தின் மணத்தை மறுமுறை எப்படி நினைவுகூர்வது? ஹெஃபெவைசன் என்னும் ஜெர்மானியக் கோதுமை பீரின் வாழைப்பழ மணம் ஈஸ்ட் உண்டாக்கும் ஐசோஅமைல் அசிட்டேட்டால் வருகிறது. பழுத்த பழத்திலும் அதே சேர்மம்தான் இருக்கிறது. ஆகவே அதைப் 'பூவன் பழம், பக்கத்தில் ஒரு கிராம்பு' என்று எழுதுவது அறிவியலுக்கும் பொருந்தும். ஸ்டவுட்டுக்குச் சிக்கரி கலக்காத கறுப்புக் காப்பியும் கருப்பட்டியும் இருக்கின்றன. ஈஸ்ட் தன் வேலையை முடிக்காமல் விட்ட லாகரில் வரும் டைஅசெட்டைல் குறையை வெள்ளைக்காரர் வெண்ணெய் என்பார். நமக்கு அது உருக்கிய நெய்.

தோப்பு வீட்டில் அன்று மாலை என் அக்காள் மகனும் இருந்தான். அவன் குறிப்பேட்டில் கிரேப்ஃப்ரூட் என்ற சொல்லை அடித்துவிட்டுப் பம்பளிமாஸ் என்று எழுதினான். சற்று யோசித்து அதையும் அடித்தான். எழுந்து கிணற்றடிக்குப் போய் நார்த்தை மரத்தில் ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தான். குவளையை முகர்ந்தான். மறுபடி இலையை முகர்ந்தான். பாட்டில் தயாராகி அப்போது ஐந்து வாரம். அதுவரை என் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில், அம்மாவின் மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால், அவர் அனுமதியோடு இருந்தது.