நாய்களை நடைக்குக் கூட்டிப்போகும் தொழிலுக்கு நெல்லையில் வாடிக்கை வீடு பிடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஏம்ப்பா, நாய நடத்துறதுக்குத் துட்டா?"

பெருமாள்புரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டைத் திறக்காமலே கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை, நான் சொன்ன விதம்தான் தப்பு. 'டாக் வாக்கிங் சர்வீஸ்' என்று நோட்டீஸ் அடித்து வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மகன் வாங்கி வளர்த்த லாப்ரடாரை அவன் வெளியூர் போன பிறகு இவர்தான் பார்த்துக்கொள்கிறார். முட்டிவலியோடு அதை இழுத்துப் பிடிக்க முடியவில்லை. அடுத்த வாரம் திரும்பப் போய், "காலையில அரைமணி நேரம் நான் கூட்டிட்டுப் போய்ட்டு வாறேன் சார், நீங்க காப்பி குடிச்சிட்டு பேப்பர் பாருங்க" என்றேன். கேட் திறந்தது.

நம் ஊரில் இந்த உதவி தேவைப்படுகிறவர்கள் இவரைப் போன்ற பெற்றோர், ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் ஷிப்ட் பார்க்கிறவர்கள், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்காரர்கள். இவர்கள் பெரும்பாலும் போனில் தேடி ஆள் பிடிப்பதில்லை. தெரிந்தவர் சொல்ல வேண்டும், அல்லது நாயோடு நாம் நடப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

அடுத்த தவறு, கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் ஓடுவது. டவுனில் ஒரு நாய், கே.டி.சி. நகரில் ஒன்று, என்.ஜி.ஓ. காலனியில் ஒன்று என்று மூன்று மாதம் அலைந்தேன். இந்தத் தொழிலில் நம் கையில் இருப்பது நேரம் மட்டும்தான், அதுவும் கொஞ்சம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்த்துச் சூடு இறங்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் இறக்கும். சித்திரை, வைகாசியில் காலை ஏழரைக்கு மேல் நடத்தக் கூடாது. சாயங்காலம் ஐந்தரைக்குக் கூடத் தார் ரோடு கொதிக்கும். புறங்கையை ரோட்டில் வைத்துப் பாருங்கள். ஏழு விநாடி தாங்கவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. காலை ஐந்தரை முதல் ஏழரை வரை இரண்டு மணி நேரம், நாய்க்கு அரை மணி. பக்கத்துப் பக்கத்து வீடு என்றால் நான்கு நாய் நடத்தலாம். ஊரைச் சுற்றினால் இரண்டுக்கு மேல் முடியாது, பெட்ரோலும் தண்டம். இப்போது மகாராஜ நகர், தியாகராஜ நகர், பெருமாள்புரம் தாண்டி யார் கூப்பிட்டாலும் போவதில்லை.

மூன்றாவது தவறு என்னை உலுக்கிவிட்டது. ஒரு வீட்டில் கன்னி என்ற நாட்டு வேட்டை நாய். கருப்பு உடம்பு, ஒல்லிக் கால். பழகிப் பார்க்காமல், முதல் நாளே அவர்கள் போட்டிருந்த சாதாரணக் கழுத்துப் பட்டையோடு கூட்டிக்கொண்டு போனேன். தெருமுனையில் ஒரு பூனை. நாய் முன்னால் பாயவில்லை, நின்ற இடத்தில் பின்வாங்கித் தலையைக் குனிந்தது. வெறும் பட்டை என் கையில் தொங்கியது. கன்னிக்கும், அதே மாதிரி இன்னொரு நாட்டு இனமான சிப்பிப்பாறைக்கும் தலை கழுத்தைவிடக் குறுகல், அதனால் சாதாரணப் பட்டை உருவிக்கொண்டு வந்துவிடும். இழுத்தால் இறுகும் அகலப் பட்டையோ, நெஞ்சோடு கட்டும் ஹார்னஸோ வேண்டும். நாய் நாலு தெரு தள்ளி நல்லபடியாகக் கிடைத்தது. அந்த வீடு மட்டும் கிடைக்கவில்லை, அவர்கள் சொல்லி வேறு இரண்டு வீடும் போனது. அதிலிருந்து முதல் இரண்டு நாள் வீட்டுக்காரரும் கூட வந்தால்தான் நாயைக் கையில் வாங்குகிறேன்.

தடுப்பூசி அட்டையைக் கேட்கக் கூச்சப்படுவதும் தவறுதான். வெறிநாய்க்கடி ஊசி குட்டிக்கு மூன்று மாத வயதில் தொடங்கி, பிறகு வருடா வருடம் போட வேண்டும். அட்டையை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஊசி போட்ட நாயே கடித்தாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். வெறிநோய் அறிகுறி வந்த பிறகு காப்பாற்ற வழி இல்லை என்றே சொல்லலாம். இதைக் கேட்டதற்காகக் கோபப்பட்ட வீடு எனக்கு ஒன்றுகூட இல்லை, "விவரமான பையன்" என்றுதான் சொன்னார்கள்.

சுவரில் போஸ்டர் ஒட்டாதீர்கள். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959 முதல் சட்டமே இருக்கிறது. ஒட்டினாலும் நாய் வளர்ப்பவர் அதைப் படித்துவிட்டு வீட்டுச் சாவியைத் தந்துவிடப் போவதில்லை. அந்த நேரத்துக்கு நாய் டாக்டரைப் போய்ப் பாருங்கள், பெட் கடை அண்ணாச்சியிடம் பேசுங்கள். ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு நாயோடு வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தே ஒரு வீடு பிடித்தேன்.

தெருவில் நாய் இருந்த மலத்தை அப்படியே விட்டுவிட்டுப் போகிறவருக்கு அந்தத் தெருவில் இன்னொரு வீடு அமையாது. நான் குனிந்து காகிதத்தில் அள்ளுவதை, வாசல் தெளித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா தினமும் பார்த்திருக்கிறார். ஒரு மாதம் கழித்து, "எங்க வீட்டு ஜிம்மியையும் கூட்டிட்டுப் போறியாப்பா?" என்றார். தெருநாய் குரைத்தால் கல்லை எடுப்பதும் அதே மாதிரிதான், பார்க்கிறவர்கள் மனதில் நின்றுவிடும். தினமும் ஒரே வழி, ஒரே நேரம் என்று போனால் தெருநாய்களும் மெல்ல மெல்ல அடங்கிவிடுகின்றன.

கடைசியாக, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். "சார் ஃபேமிலி பத்து நாள் ஊருக்கு, டைகர் என்கூட" என்று கேட் தெரிய ஒரு படம் போட்டிருந்தேன். அந்த வீட்டு அக்கா சென்னையிலிருந்து போன் செய்து, "தம்பி, வீடு பூட்டிக் கிடக்குன்னு ஊருக்கே சொல்லிட்டியே" என்றார். குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. அடுத்த நிமிஷமே அழித்தேன். இப்போது நாய் படத்தை அந்த வீட்டுக்காரருக்கு மட்டும்தான் அனுப்புகிறேன்.