தேர்தல் த்ரில்லர் எழுதப் போறீங்களா? இந்தத் தப்பையெல்லாம் தவிர்த்துடுங்க

எதிரெதிர் கட்சியில தேர்தல் வேலை பாக்குற ரெண்டு பேர் மோதிக்கிற கதைன்னு சொன்னதும் பாதி பேர் போய் நிக்கிற இடம் ஈவிஎம், அதாவது ஓட்டு மெஷின் ஹேக்கிங். தயவுசெஞ்சு அதை விட்டுடுங்க. அந்த மெஷின்ல நெட்டே கிடையாது, காலையில கட்சி ஏஜெண்டுங்க கண்ணு முன்னாடி குறைஞ்சது 50 ஓட்டு போட்டு டெஸ்ட் பண்ணுவாங்க, சாயங்காலம் மொத்தம் எத்தனை ஓட்டு விழுந்துச்சுன்னு 17சி ஃபார்ம்ல எழுதி ஏஜெண்டுங்களுக்கு காப்பியும் குடுப்பாங்க. பூத்துல உக்காந்த அனுபவம் இருக்குறவர் ஹேக்கிங் சீனைப் படிச்சா அங்கயே மூடி வெச்சிடுவார். ஆனா வேர்வையில நனைஞ்ச சட்டைப் பாக்கெட்ல நாலா மடிச்சு வெச்ச அந்த 17சி காப்பியைக் காணோம்னு வைங்க, கதை அங்க ஆரம்பிக்குது.

அடுத்தது, எடுத்ததும் முதல்வரைக் கொல்ல சதின்னு போறது. அவ்ளோ பெருசா எதுவுமே வேணாங்க. 2016 சட்டமன்றத் தேர்தல்ல ராதாபுரம் தொகுதியில ஜெயிச்ச வித்தியாசம் வெறும் 49 ஓட்டு, 203 தபால் ஓட்டு செல்லாதுன்னு தள்ளுனதுதான் பிரச்சினையே, காரணம் என்னன்னா அதுல சான்று கையெழுத்துப் போட்ட தலைமை ஆசிரியருக்கு அந்த அதிகாரம் உண்டா இல்லையான்னு கேள்வி, ஹைகோர்ட் மறு எண்ணிக்கைக்கு உத்தரவு போட்டு அது சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. ஒரு வாத்தியார் கையெழுத்து! இதை விட டென்ஷன் எந்தத் துப்பாக்கியில வரும்?

ரெண்டு பேரையும் ஒரே அச்சுல வார்க்காதீங்க, கோட்டு சூட்டு, லேப்டாப், இங்கிலீஷ் டயலாக்னு. ஒருத்தன் சர்வே எக்ஸெல் ஷீட்டோட வர்ற கன்சல்டன்சி பையனா இருக்கட்டும், இன்னொருத்தர் எந்தத் தெருவுல எந்த வீட்டுக்காரர் எதுக்காகக் கோவிச்சுக்கிட்டு இருக்கார்னு வாக்காளர் பட்டியலே பாக்காம சொல்ற ஒன்றியச் செயலாளரா இருக்கட்டும். பையன் சொல்ற நம்பரும் சரி, பெரியவர் சொல்றதும் சரி, ஆனா ரெண்டும் ஒத்துப் போகாது, அதுதான் மோதல்.

பணப் பட்டுவாடாவை வெறும் ஜெயிக்கிற வழியா மட்டும் காட்டுறதும் தப்பு. 2019ல வேலூர் எம்பி தேர்தல் பணம் சிக்குனதால ஓட்டுப்பதிவுக்கு 2 நாள் இருக்கும்போது ரத்தாகி ஆகஸ்ட்லதான் நடந்துச்சு. இப்ப யோசிங்க, தோக்கப் போறோம்னு தெரிஞ்ச ஒருத்தன் தேர்தலையே நிறுத்தணும்னு நெனச்சா, அந்தப் பணம் யார் குடோன்ல இருந்து சிக்கணும், பறக்கும் படைக்குப் போன் யார் போட்டது?

கடைசியா ஒண்ணு, ஓட்டுப்பதிவு முடிஞ்சதும் நேரா ரிசல்ட்டுக்குத் தாவாதீங்க. 2021ல ஏப்ரல் 6 ஓட்டுப்பதிவு, மே 2 எண்ணிக்கை, நடுவுல 26 நாள். ஓட்டு மெஷினைப் பூட்டி வெச்சிருக்குற ஸ்ட்ராங் ரூம் வாசல்ல ரெண்டு கட்சி ஆளுங்களும் ஷிப்ட் போட்டு சிசிடிவி ஸ்கிரீனையே பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. உங்க கதையில மோதுற அந்த ரெண்டு பேரையும் அங்க பக்கத்து பக்கத்து பிளாஸ்டிக் சேர்ல உக்கார வைங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு நிமிஷம் ஸ்கிரீன் அணைஞ்சு மறுபடி வரட்டும், யாரு முதல்ல எந்திரிக்கிறாங்கன்னு எழுதுங்க.