சிறிய சக்கரம் போதும் என்பவர் விலைக் குறைப்புக் கேட்பது எப்படி?

சேலத்தில் கார் டயர் கடை நடத்துகிறேன். ரிம் ஒரு அங்குலம் பெரிதானால் டயரின் விலை ஏறும், என் வரவும் ஏறும். ஆகவே இங்கே எழுதப்போவது என் கல்லாப்பெட்டிக்கு எதிரானது. அதைத் தெரிந்தேதான் எழுதுகிறேன்.

கார் நிறுவனங்களின் விலைப்பட்டியலைப் பாருங்கள். கீழ்நிலை வகையில் ஸ்டீல் ரிம், நடு வகையில் அதே அளவு ரிம்முக்கு வீல் கவர் அல்லது அலாய் (அலுமினியக் கலவை ரிம்), உச்ச வகையில் ஒன்று அல்லது இரண்டு அங்குலம் பெரிய அலாய். ஆறு ஏர்பேக், பின்பக்கக் கேமரா, நல்ல விளக்கு ஆகியவற்றுக்காக உச்ச வகைக்குப் போகிறவர், கேட்காமலேயே பெரிய சக்கரத்துக்கும் பணம் கட்டுகிறார். "எனக்குச் சிறிய சக்கரமே போதும், விலையைக் குறையுங்கள்" என்று கேட்டால் ஷோரூமில் சிரிப்பார்கள். பெரிதாக்கினால் விலை உண்டு, சிறிதாக்கினால் மட்டும் விலை இல்லை என்பது எந்த ஊர்க் கணக்கு?

நிறுவனங்களுக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இல்லை. டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைப் பாருங்கள். 17 அங்குல அலாய் வரும் கிரெட்டாவில் ஐந்தாவதாக இருந்தது 16 அங்குல ஸ்டீல் ரிம். 15 அங்குல அலாய் வரும் ஸ்விஃப்டில் 14 அங்குலம். அங்கே சிறிய சக்கரம் வைத்தால் செலவு குறையும் என்பதை நிறுவனமே ஒப்புக்கொண்டுவிட்டது. மிச்சமான பணம் யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. 2020-இல் விதி திருத்தப்பட்ட பிறகு, காற்றழுத்தக் கண்காணிப்பும் பஞ்சர் கிட்டும் இருந்தால் காரில் ஸ்டெப்னியே வைக்காமல் விடலாம். அதற்கும் விலை குறைந்ததாக யாரும் என்னிடம் சொன்னதில்லை.

எனவே வாங்குபவர்தான் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன் கொஞ்சம் படிக்க வேண்டும்.

டயர் எண்ணில் தொடங்குங்கள்

டயரின் பக்கவாட்டில் 205/65 ஆர்16 என்று இருந்தால், 205 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். பக்கச்சுவர் 133 மில்லிமீட்டர் வருகிறது. இரண்டு பக்கச்சுவரையும் ரிம்மையும் கூட்டினால் மொத்த விட்டம் சுமார் 673 மில்லிமீட்டர்.

கியா செல்டோஸில் இந்த அளவும் வந்தது, 215/60 ஆர்17-உம் வந்தது, 215/55 ஆர்18-உம் வந்தது. பக்கச்சுவர் முறையே 133, 129, 118 மில்லிமீட்டர். மொத்த விட்டமோ 673, 690, 694. அதாவது வெளியிலிருந்து பார்த்தால் சக்கரம் பெரிதாக வளரவில்லை. ரப்பரும் காற்றும் இருந்த இடத்தில் உலோகம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஸ்விஃப்டில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 165/80 ஆர்14-உம் 185/65 ஆர்15-உம் மொத்த விட்டத்தில் இரண்டு மில்லிமீட்டர்தான் வேறுபடும். பக்கச்சுவர் மட்டும் 132-இலிருந்து 120-க்கு இறங்கிவிடும்.

அந்தப் பன்னிரண்டு மில்லிமீட்டர் என்ன செய்யும் என்பதைக் கடையில் பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் நிறைந்த பள்ளம் எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் தெரியாது. வேகமாக இறங்கும் சக்கரத்தில், பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்மின் உதட்டுக்கும் நடுவே பக்கச்சுவர் நசுங்குகிறது. ரப்பர் கிழியாது, உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்துவிடும். இரண்டொரு நாளில் அந்த இடத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்துக்கொண்டு நிற்கும். அதை ஒட்டவும் முடியாது, தைக்கவும் முடியாது. டயரைத் தூக்கிப்போட வேண்டியதுதான். காரை ஜாக்கியில் ஏற்றிச் சக்கரத்தை மெல்லச் சுற்றி, உள்பக்க உதட்டில் டார்ச் அடித்தால் அலாய் வளைந்திருப்பதும் தெரியும். வெளிப்பக்கம் பளபளவென்று இருப்பதால் வண்டிக்காரர் அதுவரை கவனித்திருக்க மாட்டார். சில அலாய்களில் மயிரிழை விரிசல் விட்டிருக்கும். சோப்புத் தண்ணீர் தடவினால் நுரை கொப்புளிக்கும். ஸ்டீல் ரிம்மும் வளையும்தான், ஆனால் தட்டி நிமிர்த்தலாம், புதிதாக வாங்கினாலும் அலாயைவிட மலிவு.

சவாரியின் சொகுசும் எரிபொருள் செலவும் தனிக் கதை. பொதுவாகப் பெரிய சக்கரம் எடை கூடியது, அகலமும் கூடியது. அதை உருட்ட அதிக சக்தி வேண்டும். மின்சாரக் காரில் இது பட்டவர்த்தனமாகத் தெரியும். ஹூண்டாய் அயோனிக் 6 அமெரிக்காவில் 2023-இல் வந்தபோது, 77.4 கிலோவாட் மணிநேர பேட்டரியும் பின்சக்கர இயக்கமும் கொண்ட வண்டிக்கு, 18 அங்குலச் சக்கரத்தில் 361 மைல் என்று அந்நாட்டு அரசு மதிப்பீடு சொன்னது. அதே பேட்டரி, அதே மோட்டார், 20 அங்குலச் சக்கரம் என்றால் 305 மைல். நம் கணக்கில் சுமார் 90 கிலோமீட்டர் போய்விட்டது. கூடுதலாகப் பணம் கட்டி வாங்கிய வகையில்தான் தூரம் குறைகிறது!

ஐரோப்பாவில் 2018 செப்டம்பர் முதல், புதிய சோதனை முறைப்படி, ஒவ்வொரு காருக்கும் அதில் பொருத்திய டயர், சக்கரம், கூடுதல் எடை எல்லாம் சேர்த்துத்தான் கரியமில வாயு அளவு கணக்கிடப்படுகிறது. பல நாடுகளில் வாகன வரி அந்த அளவைப் பொறுத்தது. சிறிய சக்கரத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கு அங்கே அரசின் வழியாகவாவது கொஞ்சம் திரும்பி வர வழி இருக்கிறது. இங்கே அதுவும் இல்லை.

எவ்வளவு கேட்கலாம்?

உச்ச வகைக்கும் அதற்குக் கீழ் வகைக்கும் உள்ள விலை வேறுபாட்டை வைத்துக்கொண்டு பேசாதீர்கள். அதில் சன்ரூஃபும் தோல் இருக்கையும் கலந்திருக்கும். சக்கரத்தின் விலையைத் தனியாகப் பிரித்தெடுங்கள்.

அதே நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் உதிரிபாகக் கவுன்டர் இருக்கும். விற்பனைப் பிரிவுக்குப் போகாமல் நேராக அங்கே போய், அந்த மாடலின் பெரிய அலாய் ஒன்று என்ன விலை, சிறிய ரிம் ஒன்று என்ன விலை என்று பாக எண்ணோடு கேளுங்கள். சொல்வார்கள், மறைக்க அவர்களுக்குக் காரணம் இல்லை. பிறகு ஏதாவது ஒரு டயர் கடையில் இரண்டு அளவுக்கும் ஒரே கம்பெனி டயரின் விலையைக் கேளுங்கள். நான்கால் பெருக்கிக் கழியுங்கள். இது சில்லறை விலை. தொழிற்சாலையில் அவர்களுக்கு ஆகும் வேறுபாடு இதைவிடக் குறைவு என்பதால் முழுத் தொகையும் கிடைக்காது. பாதியைக் கேட்பது நியாயம் என்பது என் அபிப்பிராயம். கேட்கும்போது முழுதாகக் கேளுங்கள்.

வரியும் இதில் ஒளிந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் கார்களுக்கு ஆயுள் வரி, ஐந்து முதல் பத்து லட்சம் ரூபாய் வரை 13 சதவீதம், பத்து முதல் இருபது லட்சம் வரை 18 சதவீதம். சக்கரத்தின் விலை காரின் விலைக்குள் இருப்பதால் அதற்கும் சேர்த்தே வரி. வேறுபாடு 30,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 18 சதவீதத்தில் 5,400 ரூபாய் வரியாகவே போகிறது. பத்து லட்சத்தின் ஓரத்தில் நிற்கும் காராக இருந்தால் இன்னும் மோசம். 9,90,000 ரூபாய்க்கு 1,28,700 ரூபாய் வரி, 10,10,000 ரூபாய்க்கு 1,81,800 ரூபாய். இருபதாயிரம் கூடியதற்கு வரி மட்டும் ஐம்பத்து மூவாயிரம் கூடுகிறது. காப்பீட்டு மதிப்பும் காரின் விலையை ஒட்டியே வருவதால் பிரீமியமும் கூடவே ஏறும்.

இதனால்தான் நிறுவனமே விலைப்பட்டியலில் "சிறிய சக்கரம், இவ்வளவு குறைவு" என்று அச்சிட வேண்டும் என்கிறேன். டீலர் தன் கைக்காசில் தரும் தள்ளுபடி அதற்கு ஈடாகாது. பில்லில் காட்டிய தள்ளுபடியைக் கழித்துத்தான் ஜி.எஸ்.டி. போடுவார்கள். ஆனால் சாலை வரிக்கு அந்தத் தள்ளுபடியை ஏற்பார்களா என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

யாரிடம், எப்போது?

காருக்குச் சேஸிஸ் எண் ஒதுக்கும் முன் கேட்க வேண்டும். பில் போட்ட பிறகு யாரும் காதில் வாங்க மாட்டார்கள். மாதக் கடைசி நல்ல நேரம், விற்பனை இலக்கு அவர்கள் கழுத்தைப் பிடித்திருக்கும். விற்பனைப் பையனிடம் வாதாடிப் பயனில்லை, அவருக்கு அதிகாரம் கிடையாது. விற்பனை மேலாளரிடம் பேசுங்கள், பேசியதை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். இப்படி எழுதலாம்:

"நான் பதிவு செய்துள்ள காரில் வரும் 17 அங்குல அலாய்க்குப் பதிலாக, அதே மாடலின் கீழ் வகையில் நிறுவனமே பொருத்தும் 16 அங்குல ரிம்மும் டயரும் வேண்டும். இரண்டுக்கும் உள்ள விலை வேறுபாட்டை பில்லிலேயே கழித்துக் காட்டவும். மாற்றியதால் வாரன்டி பாதிக்கப்படாது என்பதை எழுத்தில் தரவும். இயலாது என்றால் காரணத்தைத் தெரிவிக்கவும்."

கடைசி வரி முக்கியம். இதே கடிதத்தை நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் அனுப்புங்கள். பெரும்பாலும் மறுப்புத்தான் வரும். மறுப்புகள் குவிந்தால்தான் மேலே யாராவது எண்ணிப் பார்ப்பார்கள்.

"பணமாக முடியாது, ஆக்சஸரீஸ் கூப்பனாகத் தருகிறோம்" என்பார்கள். அவர்கள் சொல்லும் விலைக்கு ஃப்ளோர் மேட்டும் சீட் கவரும் மாட்டிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வேறு வழியே இல்லை என்றால் நீட்டிக்கப்பட்ட வாரன்டியாக மாற்றிக் கேளுங்கள், அது உருப்படியானது.

இன்னொரு வழி பலருக்குத் தெரியாது. கீழ் வகையை வாங்கிவிட்டு அலாய் வேண்டும் என்று ஏங்குபவர் அதே ஷோரூமில் நிச்சயம் இருப்பார். டெலிவரிக்கு முன் இரண்டு கார்களின் சக்கரங்களையும் மாற்றி மாட்டி, அவர் தரும் வேறுபாட்டை உங்கள் கணக்கில் வரவு வைக்கச் சொல்லலாம். டீலருக்கு இதில் காசு நஷ்டமில்லை, கொஞ்சம் வேலை மட்டுமே. மனம் உள்ள மேலாளர் செய்து தருவார். இதுவும் நடக்காவிட்டால், டெலிவரி எடுத்த கையோடு டயர் கடைக்கு வாருங்கள். ஓடாத டயருக்கும் அலாய்க்கும் எங்களைப் போன்றவர்கள் நல்ல விலை கொடுப்போம். நூறு கிலோமீட்டர் ஓடிவிட்டால் அந்த விலை கிடைக்காது.

மாட்டும் முன்

எந்த ரிம்மையும் எந்தக் காரிலும் மாட்ட முடியாது. உச்ச வகையில் பிரேக் டிஸ்க் பெரிதாக இருந்தால் சிறிய ரிம், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரில் உரசும். போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் இடைவெளியும், நடுத்துளையின் அளவும், ஆஃப்செட்டும் (ரிம்மின் மையக் கோட்டிலிருந்து அது காரில் பொருந்தும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது) பொருந்த வேண்டும். தலைவலியே வேண்டாம் என்றால் ஒரே விதி: அதே மாடலுக்கு, அதே இன்ஜினுக்கு நிறுவனம் தரும் அளவு மட்டும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரிலும் கையேட்டிலும் அந்த அளவுகளும் காற்றழுத்தமும் இருக்கும். அலாய்க்கும் ஸ்டீல் ரிம்முக்கும் வீல் நட்டு வேறாக இருக்கலாம், அதையும் கேட்டு வாங்குங்கள்.

டயரில் அளவுக்குப் பக்கத்தில் 85, 88 என்று ஓர் எண் இருக்கும். அது சுமை எண். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும், 88 என்றால் 560 கிலோ. உங்கள் காருக்குச் சொன்னதைவிடக் குறைவானதை யார் மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். விட்டம் குறைந்தால் ஸ்பீடாமீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டும். 690-இலிருந்து 673-க்கு இறங்கினால், முள் நூறில் நிற்கும்போது உண்மையில் தொண்ணூற்றேழரைதான் போவீர்கள். பயப்பட ஒன்றுமில்லை. காற்றழுத்த சென்சார் ரிம்முக்குள் இருக்கும் மாடலாக இருந்தால் அதைக் கழற்றிப் புது ரிம்மில் பொருத்தச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் டேஷ்போர்டில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

வளைவுகளில் விரட்டி ஓட்டுபவருக்குச் சிறிய சக்கரம் பிடிக்காது. உயரமான பக்கச்சுவர் நெளியும், ஸ்டீயரிங் சற்று மந்தமாகத் தோன்றும். அழகும் குறையும், அதை மறுத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. அலாய்தான் வேண்டும் என்றால் சிறிய அளவிலும் நிறுவன அலாய் வருகிறதா என்று பாருங்கள், பல மாடல்களில் உண்டு.

மாட்டி முடித்ததும் டயரில் உற்பத்தித் தேதியைப் பாருங்கள். நான்கு இலக்கம் இருக்கும், 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மாற்றித் தரும் சாக்கில் கிடங்கில் கிடந்த பழைய டயரைத் தள்ளிவிடுவது நடக்கிறது. டயருக்கு உத்தரவாதம் தருவது டயர் கம்பெனி, கார் கம்பெனி அல்ல. ஆகவே நான்கு டயரின் வரிசை எண்ணையும் பில்லில் எழுதி வாங்குங்கள். வீல் அலைன்மென்ட், பேலன்ஸிங் இரண்டையும் டீலர் செலவிலேயே செய்து, அச்சிட்ட தாளையும் கேளுங்கள்.

16 அங்குலத்துக்கு இறங்கிய காரில் ஸ்டெப்னியும் அதே முழு அளவு 16 அங்குலமாக இருந்தால் உங்களுக்கு ஐந்தாவது சக்கரம் இலவசமாகக் கிடைத்த மாதிரி. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாதே என்ற மஞ்சள் ஸ்டிக்கர் அதில் ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒட்டியிருந்தால், அது நான்குக்கும் இணையான சக்கரம்தானா என்பதை மேலாளரிடமே கேளுங்கள். ஆம் என்றால், சீராகத் தேய டயர்களை இடம் மாற்றி மாட்டும் சுழற்சியில் ஐந்தையும் சேர்த்துவிடலாம்.