எதிர்வெயிலில் எடுத்த நாய்ப் படத்தைச் சரிசெய்ய

வண்டியூர்த் தெப்பக்குளக் கட்டைச்சுவரில் நாயை உட்கார வைத்து, மாலை வெயிலுக்கு எதிரே படம் எடுத்தால் வானமும் தண்ணீரும் பளிச்சென்று விழும், நாய் கரிக்கட்டையாகிவிடும். பிரைட்னஸைத் தொடாதீர்கள், வானமும் சேர்ந்து வெளுத்துவிடும். ஸ்னாப்சீட் என்ற படம் திருத்தும் ஆப்பில் முதலில் ஹைலைட்ஸை (வெளிச்சமான பகுதிகள்) குறையுங்கள், அப்புறம் ஷேடோஸை (இருண்ட பகுதிகள்) கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். கன்னி இன நாய் மாதிரி கறுப்பு என்றால், கண்ணுக்கு மேலுள்ள பழுப்புப் பொட்டும் மூக்கின் ஈரமும் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் போனால் ரோமம் சாம்பல் பூத்து, புள்ளி புள்ளியாகத் தெரியும். முகம் மட்டும் இன்னும் இருட்டா? செலக்டிவ் கருவியை அங்கே வைத்து வெளிச்சம் கூட்டினால் போதும். காதோரம் மின்னும் பொன் விளிம்பை விட்டுவிடுங்கள், படத்தின் அழகே அதுதான். வானம் ஒரேயடியாக வெள்ளையாகப் பதிந்திருந்தால் எந்த ஆப்பாலும் மீட்க முடியாது. எடுக்கும்போதே திரையில் வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.