கிளவுட்டில் படம் இருக்கிறது, திறப்பு யாரிடம்?

இலேசான பாஸ்வேட் வைக்காதீர்கள், கண்ட லிங்கையும் அமத்தாதீர்கள் என்று எல்லாரும் சொல்லியாயிற்று. அதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட, போனும் கொம்பியூட்டரும் திருத்துகிற கடையில் இருந்துகொண்டு, படங்களையும் கோப்புகளையும் இணையம் வழியாகக் கம்பனிகளின் கொம்பியூட்டரில் வைக்கிற கிளவுட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்று பார்க்கிறேன். முந்தி நாங்கள் எல்லாரும் சறுக்கிய அதே இடங்கள்தான். பெரிய கம்பனிகள் கோப்பைத் தொலைப்பது அபூர்வம். கணக்குத் தொலைவதுதான் அன்றாடம் நடப்பது.

கணக்கை வேறொருவர் திறந்து தருவது

இதைக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன். இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிற விஷயம் இது.

புதுப் போன் வாங்குகிறீர்கள். பிளே ஸ்டோருக்கு ஒரு ஜிமெயில் வேண்டும். "பழைய ஐடி இருக்கா அன்ரி?" என்று கடைப் பெடியன் கேட்கிறான். இருக்கிறது, பாஸ்வேட்தான் ஞாபகமில்லை. பின்னால் ஆட்கள் காத்து நிற்கிறார்கள். அவன் இரண்டு நிமிடத்தில் புதிதாக ஒன்றைத் திறந்துவிடுகிறான். பெயருக்குப் பின்னால் ஏதோ நாலு இலக்கம், அந்த நேரம் வாயில் வந்த ஒரு பாஸ்வேட், பாஸ்வேட் மறந்தால் குறியீடு அனுப்ப மீட்பு இலக்கம் கேட்டால் தன்னுடைய போன் இலக்கம். ஒரு துண்டிலும் எழுதித் தருவதில்லை. கூகுள் போட்டோஸ் அந்தக் கணக்கிலேயே படங்களை ஏற்றத் தொடங்குகிறது.

சில வருஷங்களுக்கு ஒரு குறையுமில்லை. பேத்தியின் சாமத்தியவீடு, நல்லூர்த் தேர், கனடாவிலிருந்து வந்த சகோதரத்தோடு கசூரினாக் கடற்கரையில் எடுத்தது எல்லாம் ஒழுங்காக மேலே போய்க்கொண்டிருக்கும். பிறகு ஒரு நாள் போன் கிணற்றடித் தொட்டிக்குள் விழும்.

அப்படித்தான் ஒரு அம்மா வந்தார். போர்ட் செத்துவிட்டது. "பயப்படாதேங்கோ, படம் எல்லாம் கூகுளில இருக்கும். மெயில் ஐடியைச் சொல்லுங்கோ" என்றேன். "அது தெரியாது தம்பி, கடையில போட்டுத் தந்தது" என்றார். மகளின் போனில், அவர் எப்போதோ பகிர்ந்த ஒரு அல்பத்தில் முகவரியைக் கண்டுபிடித்தோம். அதைப் போட்டதும், இந்த இரண்டு எண்ணில் முடிகிற இலக்கத்துக்குக் குறியீடு அனுப்பட்டுமா என்று திரை கேட்டது. வீட்டில் எவருடைய இலக்கமும் அப்படி முடியவில்லை. விசாரித்தால், போன் விற்ற பெடியன் கட்டாருக்குப் போய்விட்டான், அந்த சிம் இப்போது பாவனையில் இல்லை. படங்கள் அழியவில்லை, பத்திரமாகவே இருக்கின்றன. அம்மாவால் உள்ளே போக முடியாது, அவ்வளவுதான்.

இதன் இன்னொரு வடிவம் ரொறன்ரோவில் இருக்கிற மகன். அம்மாவின் மீது பாசத்தில் தன்னுடைய இலக்கத்தைப் போட்டுக் கொடுத்திருப்பான். இங்கே மத்தியானம் 12 மணிக்கு நாங்கள் குறியீடு கேட்டால், கோடைகாலத்தில் அங்கே விடியப்புறம் இரண்டரை. அவன் எழும்பிப் பார்க்கும்போது குறியீடு காலாவதியாகியிருக்கும். ஆனாலும் இது பரவாயில்லை, இரவு அழைத்தாவது வாங்கலாம்.

இலவசக் கணக்குக்குப் போய் நின்று கதைக்க ஒரு கவுன்ரர் கிடையாது. நீங்கள் அழுதாலும் கேட்பது ஒரு நிரல்தான். வழக்கமாகப் பாவிக்கிற போனிலிருந்து, வழக்கமான வைஃபையில் முயன்றால் அது கொஞ்சம் நம்பும். கடையிலிருந்து முயன்றால் அந்த வாய்ப்பும் குறையும். "காசு தாங்கோ, எடுத்துத் தாறன்" என்று பேஸ்புக்கில் வருகிறவன் கள்ளன். வேறு விளக்கம் தேவையில்லை.

ஆகவே கணக்கை நீங்களே திறவுங்கள். மீட்பு இலக்கம் உங்கள் சிம்மாக இருக்கட்டும், மீட்பு மின்னஞ்சல் மகளுடையதாக இருக்கட்டும். இரண்டு படிச் சரிபார்ப்பை, அதாவது பாஸ்வேட்டுக்கு மேலே இன்னொரு சோதனையையும் கேட்பதைப் போட்டால், போன் கையில் இல்லாதபோது உள்ளே போகக் கூகுள் 8 இலக்கங்கள் கொண்ட 10 குறியீடுகளைத் தரும், ஒவ்வொன்றும் ஒரு தடவைக்குத்தான். அவற்றை அச்செடுத்துக் காணி உறுதி இருக்கிற பெட்டிக்குள் வையுங்கள். பாஸ்வேட்டைக் கடதாசியில் எழுதக் கூடாது என்று படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். கோண்டாவிலில் அலுமாரிக்குள் இருக்கிற கொப்பியை ரஷ்யாக்காரன் வந்து புரட்டப் போவதில்லை, எழுதுங்கள். அப்புறம், போன் நன்றாக இருக்கும்போதே வேறொரு போனில் ஒருக்கால் உள்ளே போய்ப் பாருங்கள். இந்தச் சோதனையைச் செய்யாத கணக்கை நான் கணக்காகவே எடுப்பதில்லை.

ஒத்திசைவைப் பிரதி என்று நம்புவது

ஒத்திசைவு (sync) என்றால் போனும் கிளவுட்டும் எப்போதும் ஒரே மாதிரி இருப்பது. போன் நிரம்பிவிட்டது, கிளவுட்டில்தான் இருக்கிறதே என்று கூகுள் போட்டோஸில் படங்களைத் தெரிந்து அழிக்கிறார்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். ஏற்றிய படம் குப்பைத்தொட்டியில் 60 நாள் கிடக்கும், அதற்குள் வந்தால் எடுக்கலாம். கோப்புகள் வைக்கிற கூகுள் டிரைவில் 30 நாள்தான். போனில் மட்டும் இடத்தைக் காலியாக்க வேண்டுமென்றால் அதற்கென்று தனித் தெரிவு அங்கேயே இருக்கிறது, அதை அமத்துங்கள்.

கொம்பியூட்டரில் வைரஸ் வந்து கோப்புகளைப் பூட்டினாலும் இதே கதைதான். பூட்டிய கோப்பு ஒத்திசைந்து மேலே போய் நல்லதின் இடத்தில் உட்கார்ந்துவிடும். 2023 இல் இலங்கை அரசாங்கத்தின் கிளவுட்டையே, அப்படிப் பூட்டிவிட்டுக் காசு கேட்கிற ரான்சம்வேர் தாக்கியது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் போய்விட்டன, அந்தக் காலத்து மின்னஞ்சல்களுக்குத் தனியாக வேறிடத்தில் வைத்த பிரதி இருக்கவில்லை. அவர்களுக்கே அப்படி என்றால், வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி வைப்பது பெரிய செலவில்லை. வேலை முடிந்ததும் அதைக் கழற்றி வையுங்கள், செருகியபடி விடாதீர்கள்.

15 ஜிபி காணும் என்று நினைப்பது

காணாது. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் அந்த 15. 2021 ஜூன் 1 வரை அளவு குறைத்த படங்கள் கணக்கில் வராமல் ஏறின, அந்தக் காலம் முடிந்தது. அண்ட்ரொய்ட் போனின் வாட்ஸ்அப் பிரதியும் இப்போது இதற்குள்தான் வருகிறது. ஐபோன்காரருக்கு இலவசம் வெறும் 5 ஜிபி. நிரம்பினால் படம் ஏறாது என்பதோடு நிற்பதில்லை, மின்னஞ்சலும் வராது. விசா வேலையாகத் தூதரகத்தின் பதிலைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கு, உறவினர் குழுவில் வந்த காலை வணக்க வீடியோக்கள்தான் பெட்டியை நிரப்பி வைத்திருந்தன.

எல்லாவற்றையும் ஒரே நாளில் ஏற்றப் பார்ப்பது

200 ஜிபி கலியாண வீடியோ, ஏற்றும் வேகம் செக்கனுக்கு 5 மெகாபிட் (Mbps) என்றால், இடைவிடாமல் ஓடினாலும் கிட்டத்தட்ட நாலு நாள். டேட்டாக் காசு வேறு. முதலில் பத்திரங்கள், பிறகு படங்கள். வீடியோவை ஹார்ட் டிஸ்கில் விடுங்கள்.

'லிங்க் உள்ள எவரும்'

கோப்பைப் பகிரும்போது வருகிற இந்தத் தெரிவைப் போட்டால், லிங்க் கிடைத்த எவரும் திறக்கலாம். அடையாள அட்டைக்கும் உறுதிக்கும் ஒருபோதும் வேண்டாம்.

கிளவுட்டே வேண்டாம் என்று விடுவது

மேலே எழுதியதைப் படித்துவிட்டு இந்த முடிவுக்கு வந்தால் அதுவும் பிழைதான். 1995 அக்டோபர் 30 சண்டையால் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து வெளிக்கிட்ட வீடுகளில் கேட்டுப் பாருங்கள். சைக்கிள் கரியரில் கட்டிய பையில் உறுதியும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் வந்தன. அல்பம் பாரம் என்று விட்டுவிட்டு வந்தவர்கள் எத்தனை பேர். திரும்பி வந்தபோது வீட்டுக்கே கூரை இல்லை. 2008 இல் நிஷா புயல் வெள்ளம் அலுமாரியின் கீழ்த்தட்டு வரை வந்த வீடுகளும் உண்டு. ஹார்ட் டிஸ்கும் அதே வீட்டுக்குள்தான் இருக்கும். வெள்ளமோ நெருப்போ எட்டாத இடத்தில் ஒரு பிரதி வேண்டும் என்றால், சாதாரண ஆளுக்குக் கிளவுட்டை விடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வருஷம் எட்டிப் பார்க்காமல் விடுவது

கூகுள் உங்கள் கணக்கையே அழித்துவிடக்கூடும். 2023 டிசம்பரிலிருந்து அதுதான் விதி.

வீட்டில் எவருக்கும் சொல்லாமல் வைத்திருப்பது

செத்தவரின் கணக்கைத் திறந்து தரச் சொல்லி வருகிறவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. கூகுளில் செயலற்ற கணக்கு மேலாளர் என்று ஒன்று உண்டு. 3, 6, 12, 18 மாதம் என்று காலத்தைத் தெரிந்து, அவ்வளவு நாள் நீங்கள் வராவிட்டால் யார் யாருக்குத் தகவல் போக வேண்டும், எது எது கிடைக்க வேண்டும் என்று 10 பேர் வரை குறித்து வைக்கலாம். அப்பிளில் உரித்துத் தொடர்பு (Legacy Contact), அதாவது நீங்கள் செத்த பிறகு கணக்கைத் திறக்க உரிமையுள்ள ஒருவரைச் சேர்க்கலாம். அவர் பின்னர் உள்ளே போக, மரண அத்தாட்சிப் பத்திரத்தோடு, சேர்க்கும்போது வந்த திறப்புக் குறியீட்டையும் கேட்பார்கள். அந்தக் குறியீட்டையும் அச்செடுத்து அதே உறுதிப் பெட்டிக்குள் போடுங்கள். பெட்டி எங்கே இருக்கிறது என்று மருமகளுக்கும் சொல்லுங்கள், தேடப்போவது பெரும்பாலும் அவர்தான்.